சின்ன கார் வாங்கணும்: மைலேஜைப் பார்ப்பதா, அம்மா ஏறி இறங்குவதைப் பார்ப்பதா?

இரவுப்பணி:

எல்லோருக்கும் வணக்கம். நான் செவிலியர், ஷிப்ட் வேலை. வீட்டிலிருந்து மருத்துவமனை ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் பகல் ஷிப்ட் என்றால் பாதி வழி ஊர்ந்துதான் போக வேண்டும். மாதத்தில் ஒன்றிரண்டு முறை அக்கா வீட்டுக்கு நெடுஞ்சாலைப் பயணம் இருக்கும்.

வண்டியில் பெரும்பாலும் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வெளியே கிளம்பினால் மடக்கும் சக்கர நாற்காலியும் கூடவே வரும். அக்கா எங்களோடு வந்தால் அவள் குழந்தைக்கான இருக்கையையும் பின்னால் மாட்ட வேண்டும்.

சுசுகி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10, டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட் என்று நான்கைக் குறித்து வைத்திருக்கிறேன். புதிதானாலும் சரி, கொஞ்சம் ஓடியதானாலும் சரி. இணையத்தில் எந்த ஒப்பீட்டைத் திறந்தாலும் மைலேஜ், குதிரைத்திறன், திரையின் அளவு. சக்கர நாற்காலியை எங்கே வைப்பது என்று ஒருவரும் எழுதக் காணோம். தினப்பாட்டுக்கு இந்த நான்கில் எது ஒத்துவரும்? ஓட்டிப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேட்டரிப்பாண்டி:

சகோதரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யாரிஸ் ஹைப்ரிட். நெரிசலில் ஊர்வதாக நீங்களே சொல்கிறீர்கள், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் சம்பாதிப்பதே அங்கேதான். சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால் அத்தனை சக்தியும் சூடாகிக் காற்றில் போய்விடும். இதில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அடுத்த முறை நகரும்போது அந்த மின்சாரத்திலேயே நகரலாம். கிளட்ச் மிதிக்கிற வேலையும் இல்லை, சிக்னலில் இன்ஜின் சத்தமும் இல்லை.

பேட்டரி டிக்கியை அடைத்துக்கொள்ளும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இப்போதைய யாரிஸில் அது பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நான் யாரிஸ்தான் வைத்திருக்கிறேன், மைலேஜில் ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

கிளட்ச் வாத்தியார்:

கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்க வேண்டாம் அம்மா. பாண்டி தம்பி சொன்ன ஹைப்ரிட் விஷயம் சரிதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வெவ்வேறு சின்ன வண்டிகளில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குக் குதிரைத்திறனைவிட இருக்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும். உங்கள் அம்மாவுக்கும் அதுவேதான் முக்கியம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் காலை உள்ளே வைத்துவிட்டு ஏறுவதில்லை. இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்புவார்கள். உட்காரும் பரப்பு முழங்கால் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் இது சுலபம். அதைவிடத் தாழ்ந்திருந்தால் உட்காரும்போது தொப்பென்று விழ வேண்டும். எழும்போது உடம்பின் எடை முழுவதும் முழங்காலுக்கே போகும். மிக உயரமாக இருந்தாலும் தொல்லைதான், பெரிய எஸ்யூவியில் ஏற்றினால் அம்மா தொங்கிக்கொண்டுதான் ஏறுவார்.

உங்கள் பட்டியலில் ஸ்விஃப்ட் ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்த வண்டி. எடை குறைவு, திருப்பு ஆரம் 4.8 மீட்டர்தான், சந்துக்குள் ஒரே ஓட்டத்தில் திரும்பிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு நல்ல தோழன். ஆனால் உட்காரும் இடம் தாழ்வு, கூரையின் விளிம்பும் தலைக்குக் கிட்டே வரும். அம்மா ஒரே நேரத்தில் முழங்காலையும் கழுத்தையும் மடக்க வேண்டியிருக்கும். ஜாஸ் வேறு மாதிரி. 2001-இல் முதல் தலைமுறை வந்தபோதே பெட்ரோல் டேங்கைப் பின்னாலிருந்து எடுத்து முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். கூரையும் உயரம். முன் இருக்கையில் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காரலாம். யாரிஸ் இந்த இரண்டில் ஸ்விஃப்ட் பக்கம் சாயும். ஐ10 சின்னதாக இருந்தாலும் நிமிர்ந்த உடம்பு, பரவாயில்லை.

ஷோரூமுக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அங்கே ஒரு தந்திரம் நடக்கும். வண்டியைச் சுற்றி இடம் விட்டு நிறுத்தியிருப்பார்கள், கதவு முழுக்கத் திறக்கும், ஏறுவது சுகமாக இருக்கும். பார்க்கிங்கில் பக்கத்து வண்டி ஒட்டி நிற்கும்போது அந்த வசதி கிடைக்காது. அதனால் கதவைப் பாதி மட்டும் திறந்து, நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறங்கும்போது அவர் கை எதைப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். கூரையோரம் கைப்பிடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கதவைப் பிடிப்பார், கதவு நகரும், அவரும் கூடவே போவார். இருக்கையின் பக்கவாட்டு மேடு துருத்திக்கொண்டிருக்கும் ‘ஸ்போர்ட்’ வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மேட்டின் மேல் சறுக்கி ஏறி இறங்குவது வயதானவர்களுக்குத் தண்டனை.

அடுத்து, நாற்காலி. டிக்கி எத்தனை லிட்டர் என்று எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவில் விற்கும் இப்போதைய மாடல்களை வைத்துச் சொன்னால் ஐ10-க்கு 252, ஸ்விஃப்டுக்கு 265, யாரிஸுக்கு 286, ஜாஸுக்கு 304. இதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள கட்டைகளை உள்ளே அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். மூலைமுடுக்கில் நுழைகிற கட்டையும் கணக்கில் சேரும். சக்கர நாற்காலியைக் கட்டை கட்டையாகப் பிரிக்க முடியாதே! உங்களுக்கு வேண்டியது லிட்டர் அல்ல. டிக்கி வாயின் அகலம் எவ்வளவு, இரண்டு சக்கர வளைவுக்கும் நடுவே எவ்வளவு இடம், நாற்காலியைத் தரையிலிருந்து எவ்வளவு தூக்கி உள்ளே இறக்க வேண்டும், இந்த மூன்றும்தான். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. டிக்கி வாசல் இடுப்பளவு இருந்து, உள்ளே பள்ளமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் நீங்கள் குனிந்து தூக்க வேண்டும். செவிலியருக்கு முதுகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் ஜாஸில் ஒரு வித்தை இருக்கிறது. பின் இருக்கையின் முதுகை மடக்குவது எல்லா வண்டியிலும் உண்டு. இதில் உட்காரும் பகுதியையே திரையரங்கு இருக்கை மாதிரி மேலே தூக்கி நிறுத்தலாம். அடியில் டேங்க் இல்லாததால் தரை முதல் கூரை வரை காலியிடம் கிடைக்கும். பின் கதவைத் திறந்து, நாற்காலியை மடக்கிய நிலையில் நிறுத்தியபடியே உருட்டி உள்ளே வைக்கலாம், டிக்கி உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை. இருக்கை இரண்டு பங்காகப் பிரிந்து தூக்கப்படும் என்பதால் இன்னொரு பக்கம் குழந்தை இருக்கைக்கு. ஆனால் பெரிய சக்கரம் வைத்த நாற்காலியா, பின்னாலிருந்து தள்ளும் சின்னச் சக்கர வகையா என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே போகுமா என்பது. நாற்காலியையே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள், விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

குழந்தை இருக்கையையும் அதே நாளில் மாட்டிப் பாருங்கள். பின்நோக்கி வைக்கும் வகை என்றால் முன் இருக்கையை முன்னால் தள்ள வேண்டி வரும். அதை அம்மாவின் இருக்கைக்குப் பின்னால் வைத்தால் அவருக்குக் கால் நீட்ட இடம் போய்விடும். உங்கள் பின்னால் வைத்தால் நீங்கள் ஸ்டீயரிங்கில் மோதுவீர்கள். நான்கு மீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும் வண்டிகளில் இந்தப் பேரம் எப்போதும் உண்டு.

இப்போது பாண்டி தம்பிக்கு. ஆறு கிலோமீட்டர் என்பது ஹைப்ரிடுக்கும் குறைவான தூரம்தான். குளிர்ந்த இன்ஜின் எதுவானாலும் கிளம்பியதும் அதிகம் குடிக்கும். ஹைப்ரிடிலும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக எழுந்துகொள்ளும், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரைச் சூடாக்க வேண்டுமே. அது சூடாகி முடிவதற்குள் நம் செவிலியர் மருத்துவமனை வாசலில் இருப்பார். அப்போதும் ஹைப்ரிட்தான் குறைவாகக் குடிக்கும். ஆனால் விளம்பரத்தில் உள்ள வித்தியாசத்தை இவர் எதிர்பார்க்கக் கூடாது.

நான் ஹைப்ரிட் பக்கம் சாய்வது வேறு காரணத்துக்காக. இரவு முழுக்க நின்றுவிட்டு வருபவருக்குக் கிளட்ச் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கிலும் ரகம் உண்டு. சாதாரண கியர்பெட்டியை இயந்திரக் கை மாற்றும் ஏஎம்டி, ஊர்ந்து போகும்போது தயங்கித் தயங்கித் தலையை ஆட்டும். யாரிஸும் ஜாஸும் மெதுவாக நகரும்போது வழுக்கிக்கொண்டு போகும். ஜாஸில் ஊருக்குள் பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும், இன்ஜின் மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு பூட்டிவிடும். ஏற்றத்தில் அழுத்தினால் இரண்டிலும் இன்ஜின் கத்தும். பழகிவிடும்.

கணக்குப்பிள்ளை:

வாத்தியார் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. மைலேஜ் எண்ணைப் பார்க்கும் விதம் பற்றி மட்டும் கொஞ்சம்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் கண் ஏமாறும். 10 தரும் வண்டியிலிருந்து 12 தரும் வண்டிக்கு மாறினால், 1000 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் என்பது 83 ஆகும். கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 20 தருவதிலிருந்து 24 தருவதற்கு மாறினால் 50 லிட்டர் என்பது 42 ஆகும். மிச்சம் 8 லிட்டர். இரண்டாவதில் நான்கு கிலோமீட்டர் கூடியது பெரிதாகத் தெரியும், மிச்சமோ பாதிதான். ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் வண்டிகளுக்குள் சண்டை போடும்போது மிச்சம் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி ஒப்பிடுங்கள்.

நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு மாதம் 500 கிலோமீட்டர் என்று வைத்தால், 20-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் நான்கு லிட்டர் சொச்சம். உங்கள் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஹைப்ரிடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை அதனால் வகுத்தால் எத்தனை மாதத்தில் வரவு ஆகும் என்று தெரிந்துவிடும். அந்த விடை பலருக்குப் பிடிப்பதில்லை.

பழைய வண்டி பார்த்தால் இன்னொன்று. ஐரோப்பாவில் 2017-இல்தான் புதிய வகை வண்டிகளுக்கு, மைலேஜை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை வந்தது. அதற்கு முந்தைய என்இடிசி சோதனை 11 கிலோமீட்டர் தூரம், அதிக நிற்றலும் மென்மையான முடுக்கமும் கொண்டது. புதியது 23 கிலோமீட்டர், அரை மணி நேரம், வேகம் 131 வரை போகும். பழைய சோதனை எண் எப்போதும் அழகாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். புதிய சோதனையிலும் ஏசி ஓடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரிப்பாண்டி:

பிள்ளைவாள், பணக்கணக்கை மட்டும் பார்த்தால் நான் வண்டியே வாங்கியிருக்க மாட்டேன், நடந்தே போயிருப்பேன். சிக்னலில் அந்த அமைதிக்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவீர்கள்?

நெடுஞ்சாலைக்கு ஒரு யோசனை: 90-இல் போங்கள். 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அது ஹைப்ரிடானாலும் மாறாது, உயரமான வண்டிக்கு அந்த எதிர்ப்பே கூடுதல். வாத்தியாரின் ஜாஸைக் கவனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன்!

கிளட்ச் வாத்தியார்:

சொல்லுப்பா சொல்லு. மாதம் இரண்டு தடவை நெடுஞ்சாலைக்காகத் தினமும் அம்மாவைக் குனிய வைக்க வேண்டுமா?

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. வாரக்கடைசியில் அம்மாவையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஸ்விஃப்டில் அம்மா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க என் தோளைப் பிடித்தார். நான் ஓட்டிப் பார்த்தபோது ஆசையாக இருந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெயரை அடித்துவிட்டேன். ஐ10-இல் ஏறுவது இறங்குவது இரண்டும் சுலபம். ஆனால் பின் இருக்கையில் ஒரு பங்கை மடக்கினால்தான் நாற்காலி உள்ளே போனது. அக்காவும் குழந்தையும் வந்தால் இடம் கிடையாது. யாரிஸில் முன்னால் உட்கார முடிந்தது, பின் கதவு வாசல்தான் குறுகல். அக்கா இப்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

ஜாஸில் பாதிக் கதவு சோதனையில் அம்மா தேறிவிட்டார். இருக்கையைத் தூக்கி நாற்காலியை உள்ளே விட்டபோது பெரிய சக்கரம் கதவு ஓரத்தில் இடித்தது. சாய்த்து நுழைத்தால் போகிறது, ஆனால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும் என்று விற்பவர் பதறினார். நெருங்கி வந்துவிட்டேன், இன்னும் இரண்டு கேள்வி. ஸ்டெப்னி இல்லையாம், பஞ்சர் திரவம்தான் தருகிறார்களாம். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பஞ்சரானால் அதை நம்பலாமா? அப்புறம், மேல் ரகத்தில் பெரிய அலாய் சக்கரம் வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது, எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:

பெரிய சக்கரம் வேண்டாம். பெட்ரோலும் கூடும், டயர் மாற்றும்போது செலவும் கூடும்.

கிளட்ச் வாத்தியார்:

பிள்ளை சொன்னதுதான், ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். குழியில் இறங்கினால் அதிர்ச்சி நேராக அம்மாவின் மூட்டுக்குத்தான் வரும். சின்ன சக்கரம், தடித்த ரப்பர், அதுதான் உங்களுக்கு. மாதம் ஒருமுறை குளிர்ந்த டயரில் காற்றைப் பாருங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரியான அளவு, டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்சம்.

பஞ்சர் திரவம் ஆணி குத்திய சின்ன ஓட்டைக்கு உதவும், அதுவும் டயரின் நடுப்பகுதியில் இருந்தால். பக்கச்சுவர் கிழிந்தால் அது பயன்படாது. ஆளில்லாத சாலையில் இரவில் வருகிறவர் நீங்கள். அந்த வண்டிக்குப் பொருந்தும் மெல்லிய ஸ்டெப்னி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதை மாட்டினால் பெரும்பாலும் 80-க்கு மேல் போகக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். டிக்கியில் இடம் பிடிக்கும்தான். ஆனால் உங்கள் நாற்காலி டிக்கியில் வரப்போவதில்லை, அதனால் இடம் இருக்கிறது. ஸ்டெப்னியை டிக்கியில் உருளாமல் கட்டி வையுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால் சாலையோர உதவித் திட்டத்தில் சேர்ந்துகொண்டு, இரவு எத்தனை மணிவரை வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

விடுப்பில் வண்டியை நெடுநாள் நிறுத்திவைப்பீர்களானால், ஹைப்ரிடிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, அது இறங்கினால் வண்டி எழுந்திருக்காது. யாரையாவது இடையிடையே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடத் தயாரான ‘ரெடி’ நிலையில் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து விளக்கெரிவதைப் பார்ப்பது மட்டும் போதாது.

நாற்காலி இடித்தது என்கிறீர்களே, கால்தாங்கி இரண்டையும் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தீர்களா? பல நாற்காலிகளில் அவை ஒரு கொக்கியைத் தள்ளினால் வெளியே வந்துவிடும். சிலவற்றில் பெரிய சக்கரமே நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் கழன்று வரும். உங்களுடையதில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

கால்தாங்கியோடுதான் வைத்துப் பார்த்தேன் சார். பொத்தான் இருக்கிறதா என்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். கீறலுக்குப் பதறிய அதே ஆளிடம் செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன், இந்த முறை ஒரு பழைய போர்வையோடு.